பங்கா இழுத்தவன் பெயர் என்ன?

கல்கத்தா நகரம். 1856-ஆம் ஆண்டு, மார்ச்சுத் திங்கள் 3-ஆம் நாள். ஜார்ஜ் ஆல்பிரட் டி பென்னிங் என்னும் பொறியாளர் அரசினரிடம் விண்ணப்பமொன்றை நீட்டுகிறார். ‘யான் புதிய பொறியொன்று கண்டேன், அதனைச் செய்யவும் விற்கவும் எனக்கே உரிமை அளித்திடுக’ என்பது அதன் சாரம். இந்தத் துணைக்கண்டத்தில் பதிவான முதற் காப்புரிமை விண்ணப்பம் அதுதான். அவ்வாண்டுதான் அதற்கான சட்டமே பிறந்தது.

என்ன பொறி அது? நெல் குத்தும் எந்திரமா? கிணற்று நீரை மேலேற்றும் கருவியா? காய்ச்சலில் மடியும் மக்களைக் காக்கும் மருத்துவக் கருவியா? அல்ல, தோழர்களே, அல்ல! பங்கா இழுக்கும் பொறி!

வெள்ளைத்துரை உண்ணும்போதும் உறங்கும்போதும் தலைக்கு மேலே துணி விசிறி அசைந்துகொண்டே இருத்தல் வேண்டும். அதன் கயிற்றைப் பிடித்தபடி தாழ்வாரத்திலே ஒருவன் குந்தியிருப்பான். கை சோர்ந்தால் கால் பெருவிரலில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இழுப்பான். கண் அயர்ந்தால் உதை விழும். எந்த உயரத்தில் கயிறு கட்டினால் கை நோவாது, எந்த வீச்சிலே இழுத்தால் காற்று நிறைய வரும், எந்த இடத்தில் கயிறு தேயும், இவையெல்லாம் அவனைக் காட்டிலும் எவருக்குத் தெரியும்? டி பென்னிங் பெயர் ஏட்டிலே இருக்கிறது, தேதியும் இருக்கிறது. பங்கா இழுத்தவன் பெயர் என்ன? ஏட்டிலே அதற்கு இடமே இல்லை.

இந்த வினாவை நெஞ்சிலே தாங்கியவாறுதான் இளையாத்தங்குடிக்குச் சென்றிருந்தேன். சிவகங்கை மாவட்டத்திலே, கீழச்சிவல்பட்டிக்கு அருகே உள்ள சிற்றூர். ஊர் சிறிது, ஆனால் அதன் பெயர் இரங்கூனிலும் கொழும்பிலும் பினாங்கிலும் ஒலித்திருக்கிறது. நாட்டுக்கோட்டை நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில்களுள் முதலாவது இவ்வூர்க் கோயில். கி.பி. 707-இல் தமக்குக் கிடைத்ததென்று அவர்தம் மரபு கூறும். இக்கோயிலுக்கு உரியோர் ஏழு உட்பிரிவினர். ஒரு கோயிலார் தமக்குள் பெண் கொடுப்பதில்லை, எடுப்பதில்லை; பங்காளிகள்! கோயில் மாலை வந்தால்தான் மணம் நிறைவுறும். பிறப்பும் மணமும் வாணிகமும் ஒரே வேலிக்குள் அடங்கிய ஏற்பாடு.

கோயில் வாயிலில் பெரியவர் ஒருவரைக் கண்டேன். எண்பதைத் தாண்டியவர். நான் வந்த காரணத்தைக் கேட்டறிந்தவர், நகைத்தார்.

“தம்பி, காப்புரிமை, காப்புரிமை என்கிறீர்களே! எங்கள் அப்பச்சி காலத்தில் எவனிடம் காப்புரிமை வாங்கினோம்? பெட்டியடிப் பையனாகக் கப்பலேறி, அடுத்தாளாகி, மேலாளாகித் தொழில் படித்தவர்கள் நாங்கள். மூன்றாண்டுக்கொரு கணக்கு. இரங்கூன் மொகல் தெருக் கோயிலிலே மாதந்தோறும் கூடி நடப்பு வட்டியை முடிவு செய்வோம். அந்தச் சொல்லை நம்பி வெள்ளைக்காரன் வங்கியே கடன் கொடுத்தான். இது கண்டுபிடிப்பு இல்லையா?”

“கண்டுபிடிப்புத்தான், ஐயா” என்றேன்.

உண்மையை மறுப்பானேன்? ஒரு காசு தவறாத பேரேடும், கடலுக்கப்பால் உள்ள முகவரை ஓர் ஓலையால் ஆட்டிவைத்த திறனும் சாதாரணமானவை அல்ல. 1937 பிப்ரவரி 10-இல் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை நிறுவியபோது காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் கதவு திறந்தது. அந்தத் துணிவு தலைமுறை தலைமுறையாய்க் கற்ற கல்வியின் பயன்.

பெரியவர் அறியாமலே இன்னொரு பெரிய உண்மையையும் உரைத்துவிட்டார். பொருளியல் வரலாற்றறிஞர் பெட்ரா மோசர் என்பார், 1851-இல் இலண்டன் பளிங்கு மாளிகைக் கண்காட்சியிலே வைக்கப்பட்ட பொருள்களின் பட்டியலை எடுத்துவைத்து ஆராய்ந்தார். பிரிட்டன் காட்சிக்கு வைத்த புதுமைகளுள் காப்புரிமை பெற்றிருந்தவை நூற்றுக்குப் பதினொன்றுதான்! எஞ்சியவை அந்தத் தாள் இல்லாமலே பிறந்தவை. காப்புரிமைச் சட்டமே இல்லாத சுவிட்சர்லாந்தும் புதுமைகளைக் கொணர்ந்தது. ஆனால், அத்தகைய நாடுகளின் புதுமைகள் எத்துறைகளில் குவிந்தன என்று அவர் நோக்கினார். நுண் அளவைக் கருவிகள், உணவுப் பண்டங்கள் முதலிய சில துறைகளிலே குவிந்திருந்தன. எங்கே மறைத்து வைக்க முடியுமோ அங்கே புதுமை செழித்தது என்பது அவர் கண்ட முடிவு. சட்டத்தின் காவல் இல்லாத இடத்தில் மறைப்பே காவல்.

பெரியவர் வென்றார். ஆனால் அவர் வென்ற இடத்திலிருந்தே என் வழக்கும் தொடங்குகிறது. பேரேட்டின் நுணுக்கத்தைக் காத்தது எது? பூட்டா? பெட்டகமா? இல்லை, சாதி! பெட்டியடிப் பையனாக அமர எவன் மகனுக்கு உரிமை இருந்தது? அந்த வளவுக்குக் கல் சுமந்தவன் மகனுக்கு உண்டா? சுவருக்குச் சுண்ணாம்பு அரைத்தவள் மகனுக்கு உண்டா? நகரத்தாரை மட்டும் நான் குறை கூறவில்லை. தச்சன் தன் அளவுகோலின் கணக்கைத் தன் மகனுக்கே சொன்னான். வைத்தியன் தன் சுவடியை மூடியே வைத்தான். மகன் இல்லாதவன் சுவடியோடு செத்தான். வேதம் ஓதியவனோ காதிலே விழுவதையே குற்றமாக்கினான்.

காப்புரிமை என்பது யாது? ஒரு பேரம். “நீ கண்டதை மறைக்காமல் எழுதிக் கொடு, உலகு அறியட்டும். அதற்கு ஈடாகச் சில ஆண்டுகள் நீ மட்டும் பயன் கொள். காலம் தீர்ந்ததும் அது எல்லார்க்கும் உரியது.” இங்கிலாந்தின் 1624-ஆம் ஆண்டுச் சட்டம் பதினான்கு ஆண்டு என்றது. தொழில் பயில வந்த மாணவன் ஏழாண்டு பயில்வான். இரு மாணவர் பயின்று முடிக்கும் காலம் அது. இன்று இருபது ஆண்டு.

சாதியும் ஒரு தனியுரிமைதான். ஆனால் அதில் எழுதிக் கொடுத்தல் இல்லை. உலகு அறிதல் இல்லை. கால எல்லையும் இல்லை! பிறப்பினால் வந்து, மகனுக்கும் பேரனுக்கும் ஓடி, ஈராயிரம் ஆண்டாகியும் தீராத தனியுரிமை! வெள்ளையன் 1856-இல் சட்டம் போடுமுன் இந்நாட்டில் தனியுரிமையே இல்லை என்று எவரேனும் எழுதினால் நம்பாதீர். மனு எழுதியது வேறென்ன?

“காப்புரிமை நாட்டை உயர்த்திவிடுமா?” என்று சிலர் மடக்குவர். நான் அதற்குக் கோயில் கட்ட வரவில்லை. ஜேம்ஸ் வாட் 1769-இல் நீராவிப்பொறிக்கு உரிமை பெற்றார். 1775-இல் நாடாளுமன்றம் அதை 1800 வரை நீட்டிக் கொடுத்தது. அக்காலமெல்லாம் கார்ன்வால் சுரங்கங்களிலே வேறெவரும் பொறியைத் திருத்த முனைந்தால் வழக்கு! உரிமை தீர்ந்தது. 1811 முதல் அவ்வட்டாரத்துப் பொறியாளர்கள் தத்தம் பொறி எவ்வளவு நிலக்கரிக்கு எவ்வளவு நீர் இறைத்ததென்று மாதந்தோறும் அச்சிட்டு வெளியிட்டனர். ஒருவன் திருத்தம் மற்றவன் கண்ணில் பட்டது. அவன் அதைக் கடந்தான். மூன்றாமவன் அவனையும் கடந்தான். அடுத்த சில பத்தாண்டுகளில் அப்பொறிகளின் திறன் பன்மடங்கு பெருகிற்று. அலெசாண்ட்ரோ நுவொலாரி என்னும் ஆய்வாளர் இதை விரித்துக் காட்டியிருக்கிறார். திறந்து வைத்த அறிவு வளரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. நம் ஊர்ப் பட்டறைகளில் இப்படி ஓர் அச்சுத்தாள் உலவியிருந்தால்! கொல்லன் கண்டதைத் தச்சன் படித்திருந்தால்! எழுத்தையே கொடுக்காதவர்கள் அச்சுத்தாளைக் கொடுப்பார்களா?

இன்னொரு காட்சி. அதே காலம், வேறு கண்டம். 1857-இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்திலே நெட் என்னும் கறுப்பு அடிமை, பருத்திக் காட்டுக்கென இரட்டைச் சுரண்டுக் கருவியொன்றை ஆக்கினான். அவன் ஆண்டை ஸ்டூவர்ட் காப்புரிமை கேட்டான், தன் பெயருக்கு! அடிமையின் உடல் என்னுடையது; ஆகவே அவன் மூளையில் விளைந்ததும் என்னுடையது என்பது அவன் வாதம். 1858-இல் அந்நாட்டு அரசுத் தலைமை வழக்கறிஞர் தீர்ப்புரைத்தார்: ஆண்டை கண்டுபிடிக்கவில்லை, ஆகவே அவனுக்கு உரிமை இல்லை. அடிமை கண்டுபிடித்தான், ஆனால் அடிமை குடிமகன் அல்லன், உறுதிமொழி எடுக்க அருகதையற்றவன், ஆகவே அவனுக்கும் இல்லை! என்னே நீதி! கருவி இருக்கிறது, களை பறிக்கிறது, கண்டுபிடித்தவன் மட்டும் சட்டத்தின் கண்ணுக்கு இல்லை. 1861-இல் பிரிந்துபோன தென்மாநிலங்கள் தமக்கெனச் சட்டம் செய்தபோது ஆண்டைக்கே அவ்வுரிமையைக் கொடுத்தன.

அடிமை முறை ஒழிந்த பின் என்ன ஆயிற்று? லிசா குக் என்னும் கறுப்பினப் பொருளியல் பேராசிரியை 1870 முதல் 1940 வரை கறுப்பர் பெற்ற காப்புரிமைகளைத் தேடித் தொகுத்தார், 726 கிடைத்தன. கறுப்பரை மரத்தில் தொங்கவிட்ட கொலைகளும் கலவரங்களும் பெருகிய ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை சரிந்ததைக் காட்டினார். அக்கொடுமைகள் இல்லாதிருப்பின் இன்னும் 1,100-க்கு மேற்பட்ட கண்டுபிடிப்புகள் பிறந்திருக்கும் என்பது அவர் கணக்கு. உயிருக்கே காவல் இல்லாதவன் எதைக் கண்டுபிடிப்பான்? ஓடி ஒளியும் வழியை!

அப்படியொரு கணக்கை இந்நாட்டுக்கு எவர் போட்டார்? சேரியிலே பிறந்து, செத்த மாட்டின் தோலைப் பதனிட்டவன், எந்தப் பட்டையை எத்தனை நாள் ஊறவைத்தால் தோல் அழுகாதென்று கண்டானே, அவன் வேதியியலாளன் அல்லனா? அவனைத் தீண்டினால் தீட்டு என்றது சமுதாயம். தோல் செருப்பாகிக் காலில் ஏறியது. அவன் தெருவில் ஏறக்கூடாது! பிரபுல்ல சந்திர ரே வங்கத்து வேதியியல் மேதை. எங்கள் கட்சிக்காரர் அல்லர். அவரே, தாம் எழுதிய இந்து வேதியியல் வரலாற்றிலே, கைத்தொழில் தாழ்ந்த சாதிகளுக்கென்று ஒதுக்கப்பட்டதும், கற்றவன் கையால் ஒன்றைத் தொடாமற் போனதும் இந்நாட்டில் ஆராயும் மனப்பான்மை அழிந்ததற்குக் காரணம் என்று எழுதினார். அறிவுள்ளவனுக்குக் கை இல்லை. கையுள்ளவனுக்கு ஏடு இல்லை.

1962-இல் இதே இளையாத்தங்குடியிலே ஆகம சிற்பச் சதஸ் கூடிற்று. உளி பிடித்தவனின் கலையைப் பேச அவை கூடியதே என்று மகிழலாம், மகிழ்கிறேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். கருங்கல்லை உருவமாக்கிய அச்சிற்பி, குடமுழுக்கு முடிந்த மறுநாள் அந்தக் கருவறைக்குள் கால் வைக்கலாமா? கல்லுக்கு உயர்வு வந்தது. கல்லை அப்படி ஆக்கியவனுக்கு வாசற்படி வந்தது.

கையை இழித்தவர்கள் வாயால் மட்டும் வானூர்தி விடுகிறார்கள். 2015 சனவரியில், மும்பையில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டிலேயே, வேதகாலத்தில் கோளுக்குக் கோள் விமானம் பறந்தது என்று கட்டுரை படித்தார்கள். அன்று பறந்ததாம்! அப்படியாயின் 1856-இல் பங்காவை இழுக்கக் கூட ஒரு பொறி இல்லாமல் ஏன் மனிதனைக் கட்டி இழுத்தீர்? விடை வராது.

பணம் இல்லாததால் பொறி பிறக்கவில்லை என்பாரும் உளர். செட்டிநாட்டிலே பணத்துக்கா பஞ்சம்? 1929-30-இல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு, அந்நாட்டில் செட்டியார்களின் முதலை 75 கோடி ரூபாய் என மதிப்பிட்டது. அக்காலத்து 75 கோடி! நெல் விலை வீழ்ந்தது, கடன் திரும்பவில்லை, நிலம் கைக்கு வந்தது. பதின்மூன்று முதன்மையான நெல் மாவட்டங்களில் 1930-இல் நூற்றுக்கு ஆறு பங்கு நிலம் வைத்திருந்தவர்கள், 1938-இல் நூற்றுக்கு இருபத்தைந்து பங்குக்கு உடைமையாளர்கள் ஆனார்கள். பர்மியரின் பகையும் உடன் வந்தது. 1942-இல் சப்பானியர் நுழைந்தனர். 1948-இல் நிலம் நாட்டுடைமையாகும் சட்டம் வந்தது. கைவிட்டுப் போயிற்று.

நீரில்லாத செம்மண் சீமையிலே ஆலை வைப்பதைவிட ஐராவதி வடிநிலத்து வட்டி இலாபம் என்று கணக்குப் பார்த்தவர்களை மூடர் என்று நான் சொல்லமாட்டேன், கணக்குச் சரிதான். ஆனால் அந்தப் பணத்தில் ஒரு பங்கேனும் கொல்லன் பட்டறைக்குள் நுழையாமற் போனதற்கு வட்டிக் கணக்கு மட்டுமா காரணம்? அந்தப் பட்டறையைத் தமக்குரிய இடமாக எவர் கருதினார்? தேக்கு பர்மாவிலிருந்து வந்தது, பளிங்கு இத்தாலியிலிருந்து வந்தது, வளவு எழுந்தது.

கோவையிலே என்ன நடந்தது? ஜி.டி. நாயுடு. 1893-இல் உழவர் வீட்டில் பிறந்தவர். பள்ளிப் படிப்பை மதியாதவர். மோட்டார் வண்டியைத் தம் கையாலேயே கழற்றிப் பூட்டிப் பொறியியல் கற்றவர். 1920-இல் ஒரே ஒரு பேருந்தோடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தொழில் தொடங்கினார். 1937-இல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்தியாவின் முதல் மின் மோட்டாரை உருவாக்கினார். மின் சவரக்கருவி, மெல்லிய சவர அலகு, பழச்சாறு பிழியும் கருவி என்று அவர் கை தொட்டதெல்லாம் புதிதாயிற்று. நான்காண்டுப் பொறியியற் கல்வியில் பாதி வீண் என்று அரசினரோடு மல்லுக்கு நின்றார். கையில் எண்ணெய்க் கறை படுவதை இழிவென்று கருதாத குடிகளிடம் முதல் சேர்ந்தபோது கொங்கு நாட்டில் மோட்டார் ஓடிற்று, எக்கி ஓடிற்று. அங்கும் சாதி இல்லாமலில்லை. அதை மறைத்து எழுதினால் நானும் விமானக் கட்டுரைக்காரன் ஆவேன். உழுத சாதிக்கு வாய்த்த பட்டறை, உழவனுக்குக் கூலியாய் இருந்தவனுக்கு எளிதில் வாய்க்கவில்லை.

செட்டிநாட்டிலும் ஒருவர் தோன்றினார். அழகப்பர், வள்ளல் அழகப்பர்! காரைக்குடியில் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் கொடுத்து மைய மின்வேதியியல் ஆய்வகத்தைக் கொணர்ந்தார். 1948 சூலையில் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 சனவரி 14-இல், பொங்கல் நாளன்று, அது திறக்கப்பட்டது. இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது, மின்கலம் எப்படி நீடித்துழைக்கும் என்று அங்கே இன்றும் ஆராய்கிறார்கள். மண்டபத்துக் கடற்காற்றிலே உலோகத்தை நிறுத்திவைத்துச் சோதிக்கிறார்கள். அங்கே வேலைக்குச் சேர எந்தக் கோயில் மாலையும் தேவையில்லை. ஒன்பது கோயிலுக்குப் பத்தாவதாக அதை எண்ணுவேன்.

சட்டத்தின் கதையையும் சுருக்கமாகச் சொல்கிறேன். நீதிபதி என். ராஜகோபால அய்யங்கார் குழு 1959-இல் அறிக்கை தந்தது. இந்தியாவில் வழங்கப்பட்ட காப்புரிமைகளில் நூற்றுக்கு 80 முதல் 90 வரை அயல்நாட்டார் கையில் இருந்தன. அவற்றில் 90-க்கு மேற்பட்டவை இங்கே தொழிலாக நடத்தப்படவேயில்லை. உரிமை பெற்றது உற்பத்தி செய்யவன்று, நாம் உற்பத்தி செய்யாமல் தடுக்க! அவ்வறிக்கையின் பயனாக 1970-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை இல்லையென்றது. மலிவு மருந்து பிறந்தது. 2005-இல் உலக வாணிக ஒப்பந்தத்துக்காக அதைத் திருத்தினார்கள். ஆயினும் பழைய மருந்தைச் சிறிதே மாற்றிப் புதிதென்று கொணர்ந்தால் ஏற்கலாகாது என்ற பிரிவைச் சேர்த்தார்கள். இரத்தப் புற்றுநோய் மருந்தொன்றுக்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் கேட்ட உரிமையை 2006-இல் மறுத்தது நம் சென்னை அலுவலகம். 2013 ஏப்ரல் 1-இல் உச்சநீதிமன்றமும் மறுத்தது. மாதம் ஓர் இலட்சத்துக்கு மேல் விற்ற மருந்து, பிறர் செய்யும்போது பத்தாயிரம் ரூபாய் அளவிலே கிடைத்தது. இது மக்களுக்குக் கிடைத்த வெற்றி, மகிழ்வோம்.

ஆனால் அந்தச் சென்னை அலுவலகத்தின் வாசலுக்கே உங்களை அழைத்துப் போக விரும்புகிறேன். கிண்டியில் இருக்கிறது. ஆத்தங்குடியிலே தரையோடு செய்யும் தொழிலாளி ஒருவரை உடன் அழைத்துக்கொள்வோம். அவர் தொழிலைப் பார்த்திருக்கிறீர்களா? ஐரோப்பாவில் அழுத்தப்பொறி வைத்துச் செய்த சிமெண்டு ஓட்டை, இவர்கள் பொறியே இன்றிச் செய்கிறார்கள். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணக் குழம்பை ஊற்றி, அச்சை எடுத்து, மேலே மணலும் சிமெண்டும் இட்டு, நீரிலே ஊறவைக்கிறார்கள். கண்ணாடி தானே விடுபடும். ஓட்டின் முகம் மெருகோடு மின்னும். நெருப்பு இல்லை, சூளை இல்லை. இந்த வேலையில் அவர் புதிதாக ஒன்றைக் கண்டுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கு 2019-இல் கிடைத்த புவிசார் குறியீடு போல ஊருக்குப் பொதுவான பெயரன்று, அவரே கண்ட ஒரு புது முறை. தனி மனிதர் இணையவழியே விண்ணப்பிக்க 1,600 ரூபாய், ஆய்வுக்கு 4,000 ரூபாய். கடன் பட்டாவது கட்டிவிடுவார். கண்டதை விளங்க எழுதவேண்டும். எழுதுவார், தமிழிலே.

ஏற்கமாட்டார்கள்! 2003-ஆம் ஆண்டுக் காப்புரிமை விதிகளைப் புரட்டுங்கள். ஆவணங்கள் இந்தியில் இருக்கவேண்டும், அல்லது ஆங்கிலத்தில் இருக்கவேண்டும். தமிழ் இல்லை. தமிழ்நாட்டின் தலைநகரில், தமிழர் வரிப்பணத்தில் எழுந்த கட்டடத்தில், தமிழன் தன் மூளையில் விளைந்ததைத் தன் தாய்மொழியில் எழுதித் தர உரிமை இல்லை. நெட்டுக்கு உறுதிமொழி எடுக்க உரிமை இல்லையென்றார்கள். இவருக்கு எழுத்தில்லை என்கிறார்கள். எவரோ ஒரு முகவர் ஆங்கிலத்தில் எழுதுவார். கட்டணத்தைப் போலப் பல மடங்கு கேட்பார். எழுதியது சரியா என்று இவருக்குத் தெரியாது. சப்பானியன் தன் மொழியில் விண்ணப்பிக்கிறான், கொரியன் தன் மொழியில் விண்ணப்பிக்கிறான். செருமன் அலுவலகமோ அயல்மொழி விண்ணப்பத்தையும் வாங்கிவைத்து, மொழிபெயர்ப்பைப் பிறகு தா என்கிறது. அவர்கள் நாட்டில் பொறி குறைந்ததா?

காப்புரிமை விண்ணப்பங்களின் எண்ணிக்கையில் அண்மை ஆண்டுகளில் தமிழ்நாடு மாநிலங்களுள் முன்னிற்கிறது என்று விழா எடுக்கிறார்கள். விண்ணப்பம் போட்டவர் யார் என்று பாருங்கள். தரவரிசைப் புள்ளிக்காகத் தனியார் கல்லூரிகள் அள்ளிக் கொட்டும் தாள்கள் எத்தனை? பட்டறைக்காரன் எத்தனை? நெசவாளி எத்தனை?

தமிழில் தரும் விண்ணப்பத்தைச் சென்னை அலுவலகம் வாங்கவேண்டும்; வாங்கிய நாளையே உரிமை நாளாகக் கொள்ளவேண்டும்; மொழிபெயர்க்கும் செலவை அரசு ஏற்கவேண்டும். விதி ஒன்றைத் திருத்தினால் போதும், சட்டத்தைக் கூடத் தொடவேண்டியதில்லை. சட்டமன்றத்தில் இருப்போர், நாடாளுமன்றத்தில் இருப்போர், தமிழென்றால் உயிரென்று மேடையில் முழங்குவோர், இதற்காக ஒரு தீர்மானம் கொண்டு வாருங்கள்.

பெரியவரிடம் இதைச் சொன்னேன். சற்றுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “எங்கள் வளவிலே பங்கா இருந்தது, தம்பி” என்றார். “இழுத்தவர் பெயர் நினைவிருக்கிறதா, ஐயா?” என்றேன். நெற்றியைத் தடவி யோசித்தார். ஊர் பெயர் நினைவுக்கு வந்தது. ஆள் பெயர் வரவில்லை.